பால் மறக்கடித்த வாரம்

என் தங்கைக்கு இருபத்தைந்து வயது நிறையவில்லை, போய்விட்டாள். அவளை அறிந்தவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். கேட்டால் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். நடவு வயலில் அவள் குலவை போட்டால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதற்கு நேர் எதிர். கடையில் மீதிச் சில்லறை தராவிட்டால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். அவள் கூட வந்தால் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் நகர்வாள்.

அப்பா இறந்தபோது அவள் தொட்டில் பிள்ளை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அத்தோடு அம்மாவுடன் வயல் வேலைக்கு வந்துவிட்டேன். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குக் கொஞ்சம் தள்ளி. வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வயல்கள், நடுநடுவே வாழை. வேலைக்குப் பஞ்சமில்லை. அவளைப் பன்னிரண்டு வரைக்கும் படிக்க வைத்தோம். மேலே படிக்க அவளுக்கு ஆசை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றுதான் சொன்னாள். எங்கள் நிலைமை தெரிந்து சொன்னாளோ என்னவோ.

எனக்குப் பெண் பார்க்கப் போனதைச் சொன்னால் அவள் எப்படிப்பட்டவள் என்று விளங்கும். அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பெண் வீட்டில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண்ணின் சித்தப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா வே?” என்று கேட்டேவிட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இவள்தான் தட்டிலிருந்து மிக்சரை அள்ளிக்கொண்டே சொன்னாள்.

“வரும் மாமா, வராம என்ன? எங்க அண்ணனுக்கு வாய் கொஞ்சம் பைய வரும். ஆனா காது உடனே சொல்லிரும். பாருங்க, எப்பிடி செவந்திருக்குன்னு! பொண்ணு பிடிச்சிருக்கு.”

எல்லோரும் என் காதைப் பார்த்துச் சிரித்தார்கள். உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்தான் என் மனைவி. கல்யாணமான பிறகு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வதே வேலை.

அம்மா இறந்த மறு வருஷம் தங்கைக்குக் கல்யாணம் செய்து கொடுத்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அம்பாசமுத்திரம் தாண்டி ஒரு ஊர். மாப்பிள்ளை உழவு டிராக்டர் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். மாமியார் நடவுக்குப் போய்ப் போய் முதுகு வளைந்தவர். அந்த அம்மாளுக்குப் பதிலாகத்தான் இவள் முதலில் நடவுக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் அந்த நடவுக் கூட்டத்துக்கே இவள்தான் பேச்சுக்காரி. எந்த வயலுக்கு என்றைக்குப் போவது, காலையில் காபித் தண்ணி யார் தருவது என்று வயல்காரரிடம் கறாராகப் பேசிவிடுவாள்.

பெண் பிள்ளை பிறந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வயலுக்குப் போனாள். வரப்போரம் உடைமரத்தில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிப் போட்டுவிட்டு இறங்குவாள். பிள்ளை அழுதால் முழங்கால் சேற்றோடு கரையேறி, வாய்க்காலில் கை கழுவி, உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு மறுபடியும் நாற்றைக் கையில் எடுப்பாள். பிள்ளை நடக்க ஆரம்பித்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது. பாலை மட்டும் விடவில்லை. வரப்பில் ஓடி வந்து, “யம்மா, பாலு” என்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். கூட வேலை செய்கிற பெண்களுக்குச் சிரிப்பு தாங்காது.

“ஏளா, ஒம் மக சடங்கானாலும் பால் குடுத்துட்டுதான் பந்தல்ல உக்கார வைப்ப போலிருக்கு.”

“வைக்கேன். ஒனக்கு என்ன நட்டம்? மொய் எழுத வந்தா மட்டும் போதும்.”

வெளியே இப்படிப் பேசினாலும் அவளுக்கு அது கவலையாகத்தான் இருந்தது. அந்த வருஷம் ஐப்பசியில் தொடங்குகிற பிசான நடவுக்குத் தூரத்து ஊர்களிலிருந்து ஆள் கேட்டிருந்தார்கள். விடியும் முன்னே லோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டுப் பொழுது சாயும் நேரம்தான் திரும்ப வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போக வழியில்லை. பால்வாடியில் கொண்டு விட்டால் அரைமணி நேரத்தில் பால் கேட்டு அழுகிறது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டரை வயதாகிறது, இந்த நடவுக்குள் பாலை மறக்கடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

முதலில் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பார்த்தாள். பிள்ளை வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தது. பிறகு அம்மாவின் முந்தானையை எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டுக் குடித்தது. அடுத்து, துணியைக் கட்டிக்கொண்டு, “அம்மாவுக்குப் புண்ணு, வலிக்கு” என்றாள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஊதிவிட்டது. ஊதி முடித்துவிட்டு, “சரியாப் போச்சு, தா” என்றது. இதை எங்கள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாள். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இது லேசுல விடாது. இங்கன கொண்டு விட்டுரு. மாமா வீட்டுல ஒரு வாரம் கிடந்தா தன்னால மறந்துரும்” என்றும் அவள்தான் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பாலை விடாத பிள்ளையைத் தாய்மாமன் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். அந்த நாட்களில் பெற்றவள் அந்தப் பக்கம் வரக் கூடாது. பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, குரலைக்கூடக் கேட்கக் கூடாது. ஒரு தடவை பார்த்துவிட்டால் பட்டதெல்லாம் வீண், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள்.

நான் மொபெட்டில் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தேன். அன்றைக்குத் தங்கை வெளியே வரவில்லை. மாட்டுத் தொழுவத்துத் தட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றாள். தட்டிக்குக் கீழே அவள் பாதம் மட்டும் தெரிந்தது. பக்கத்து வயல்களில் பத்து நாளாகச் சேற்றில் நின்றதில் விரலிடுக்கெல்லாம் புண். அதற்கு மருதாணி அரைத்துப் பூசியிருந்தாள். கல்யாணப் பெண்ணின் கால் மாதிரி சிவந்திருந்தது.

பிள்ளை முதல் நாள் அழுதது. மறுநாள் என் மனைவி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, கார் அறுவடை முடிந்த வயலில் வந்து இறங்கியிருந்த வாத்துக்கூட்டத்தைக் காட்டினாள். அதன் பிறகு வாத்து, வாத்து என்றே இருந்தது. “அம்மா எங்க?” என்று கேட்கும். “வயலுக்குப் போயிருக்கா” என்போம். பால் என்ற சொல்லை மட்டும் அது சொல்லவே இல்லை. எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தங்கை போன் செய்தாள். பிள்ளைக்குக் கேட்காமலிருக்கக் கொல்லைப் பக்கம் போய்ப் பேசினேன்.

“அண்ணே, கேட்டாளா?”

“இல்ல.”

“ஒரு தடவகூடயா?”

“ம்ஹூம்.”

“ஒனக்குப் பொய் சொல்ல வராது. அப்போ நெசந்தான்” என்றாள். “பாரேன், நான் இங்கன பால் கட்டி மாரு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கேன். அவ அங்கன வாத்து பாத்துக்கிட்டு இருக்கா.” சிரித்தாள். சிரிப்பு நடுவில் அறுந்துபோனது.

அதற்குள் பிள்ளை பின்னாலேயே வந்து, “அம்மாவா?” என்று கை நீட்டியது. நான் போனை அணைத்துவிட்டேன். வாரம் முடிகிறவரை யாரும் அவளோடு போனில் பேச வேண்டாம் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் தங்கைக்குக் காய்ச்சல் என்பது மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். “பால் காய்ச்சல் மச்சான், ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றார். பாலை நிறுத்தினால் காய்ச்சல் வரும் என்பது பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். என் மனைவி என்னைப் பூ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவரச் சொன்னாள்.

அம்பாசமுத்திரம் பூக்கடையில் நின்று, கட்டாத உதிரி மல்லிகை கால் கிலோ கேட்டேன். “கட்டாத பூவா? அண்ணாச்சி, வீட்டம்மாவுக்கா, வேற யாருக்குமா?” என்றாள் கடைக்காரி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். காதெல்லாம் சூடாகிப் பையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

தங்கை பாயில் படுத்திருந்தாள். மாமியார் அவள் கெண்டைக்காலில் எண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பூவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

“நீயா போய் வாங்குன? கடைக்காரிட்ட வாயத் தொறந்து கேட்டியா? இன்னைக்கு மழைதான்.”

“படு. எந்திரிக்காத” என்றேன்.

“காலு ரெண்டையும் உலக்கையால அடிச்ச மாதிரி இருக்குண்ணே.”

“பத்து நாளாக் குனிஞ்சு நட்டவளுக்குக் கால் வலிக்காம என்ன செய்யும்?” என்றார் மாமியார், காலை விடாமல் பிடித்துக்கொண்டே. “இந்தக் கெண்டக்கால் வலி எனக்கு வருசா வருசம் வரும்.”

தங்கையின் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மாமியாரே சொன்னார். “பிள்ளைய நெனச்சு அழுதுகிட்டே கிடந்தா செவக்காதா? நீங்க கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க.”

இன்றைக்கு யோசித்தால் இதுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நோய் எதையும் மறைக்கவில்லை. காய்ச்சல், கால்வலி, சிவந்த கண் எல்லாவற்றையும் எங்கள் கண் முன்னேதான் வைத்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது. காய்ச்சலுக்குப் பால், கால்வலிக்கு நடவு, கண்ணுக்கு அழுகை. எல்லாமே எங்கள் வீடுகளில் பல தடவை பார்த்து, சரி என்று கண்ட காரணங்கள். ஒன்றுமே தெரியாதவர்களாக இருந்திருந்தால் பயந்துபோய் உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். மாப்பிள்ளை கூட்டிப்போய் ஊசி போட்டு வந்ததாகச் சொன்னாள். “பால் கட்டிருக்குன்னு நான்தான் சொன்னேன். அதுக்குத்தான் மருந்து தந்திருக்காங்க” என்றாள்.

“பிள்ளையக் கொண்டு வரட்டுமா?”

அவள் பூவை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து மடியில் எடுத்துப் போட்டாள்.

“வேண்டாம்ணே. எம் முகத்தப் பாத்தா கேப்பா. கேட்டா நான் குடுத்துருவேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான.”

அவள் கண் மஞ்சளாகிவிட்டது, நீர் பிரியவில்லை என்று மாப்பிள்ளை அதற்கு மறுநாளே போன் செய்தார். அம்பாசமுத்திரத்தில் காட்டினார்கள். அங்கே பார்த்ததும் வண்டி ஏற்றிப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா மாப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார். அது எலிக்காய்ச்சல் என்றார். வயலில் எலி நீர் கழித்த தண்ணீர் காலில் இருக்கிற புண் வழியாக உடம்புக்குள் போயிருக்கிறது என்றார். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, கவலைக்கிடம்தான் என்றார்.

“பால் காய்ச்சல்னு நெனச்சோம்மா” என்றார் மாப்பிள்ளை.

“பால் நிறுத்துன நேரத்துல வந்தா யாரும் அப்படித்தான் நினைப்பாங்க” என்றார் அந்த அம்மா. எங்கள்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

தங்கைக்கு நினைவு நன்றாக இருந்தது. முகம் மட்டும் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், “பிள்ளையக் கொண்டு வாண்ணே. ஒரு தடவ பாத்துக்கிடுதேன்” என்றாள்.

வெளியே வராந்தாவில் அதைப் பற்றித்தான் பேச்சு. மாமியார் அழுதுகொண்டே வேண்டாம் என்றார். “கண்டதும் பிள்ளை பாலு கேக்கும். மருந்தா ஏறிக் கிடக்க உடம்பு, குடுக்கவும் முடியாது. பெத்தவ குடுக்க முடியாமக் கிடந்து துடிக்கவா? அந்தக் கொடுமைய வேற அவ பாக்கணுமா?” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேட்காவிட்டால் நல்லது. கேட்டுவிட்டால் அதுதான் அவள் கடைசியாகக் காண்பதாக ஆகிவிடும். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க மச்சான். பிள்ளை ஒங்ககிட்டதான இருக்கு.”

“கொண்டு வாரேன்” என்றேன். அவள் கேட்டிருக்கிறாள், அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் என் மனைவி பிள்ளைக்குத் தலை சீவி, கவுன் போட்டுவிட்டாள். பஸ்ஸில் கூட்டிப்போனேன். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் அது கீழ்த்தளம். ஒரு நர்ஸ் அவள் கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டுக் கொடுத்தார். நான் வெளியே நின்று, பிள்ளையை இடுப்பில் வைத்து ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் காட்டினேன்.

பிள்ளை அவளையே பார்த்தது. கையில் குழாய், வீங்கிய முகம், மஞ்சள் கண். அவள், “தங்கம்” என்று கூப்பிட்டாள். குரல் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் உடம்பு ஒரு தடவை விறைத்தது. பிறகு என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது.

“இங்கன பாருட்டி. அம்மாட்ட வாரியா?”

முகத்தை எடுக்கவில்லை.

மாமியார் பயந்தது எதுவோ, அதைத் தங்கையே கேட்டாள். “பாலு வேணுமாளா?”

பிள்ளை என் கழுத்துக்குள்ளேயே தலையை ஆட்டியது. “வேண்டாம்.”

தங்கை தலையணையில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். கட்டில் பக்கம் நின்ற புருஷனிடம், “பாத்தியளா, மறந்துட்டா” என்றாள். “வீட்டுக்கு வந்ததும் பால்வாடில விட்டுரலாம். இனி இருப்பா.” பிறகு என்னிடம், “நீ போண்ணே, வெயில் வந்துரும். பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு” என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பிள்ளை மடியில் படுத்திருந்தது. தூங்கிவிட்டது என்று நினைத்தேன். சேரன்மகாதேவி வருவதற்குள் அதன் கை என் சட்டையில் எதையோ தேடியது. மேல் பொத்தானைப் பிடித்துப் பிடித்துக் கழற்றிவிட்டது. உள்ளே கையை விட்டு என் மார்பில் வைத்துக்கொண்டது. தாயிடம் ஒரு பக்கம் குடிக்கும்போது மறு பக்கத்தில் கை வைத்துக்கொள்ளுமே, அதேபோல. கண் மூடியிருந்தது. வாய் மட்டும் குடிப்பது போல அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார்.

இறங்கித் திரும்பிப் போய்த் தங்கையிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லி என்ன ஆகப் போகிறது? அவள் எண்ணியது நடந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். பிள்ளையின் கையை எடுக்காமல் ஊர் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த நாள் மத்தியானம் தங்கை இறந்துவிட்டாள். பஸ்ஸில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் என்றும் இல்லை. அதைச் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை.

ஒரு வாரத்துக்கு வந்த பிள்ளை எங்கள் வீட்டிலேயே வளர்ந்தது. மாப்பிள்ளை சில வருஷம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டார். மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நானும் பிள்ளையைத் தவறாமல் கூட்டிப்போவேன். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு.

போன கொடைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

“மாமா, அம்மா சாகக் கிடக்கும்போது கூப்பிட்டாளாம். நான் போகலயாம். பெத்தவளையே மறந்த பிள்ளைன்னு பந்தல்ல அப்பா வீட்டுப் பெரியம்மா சொல்லுதா. எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்காங்க. நெசமா?”

ஊரில் அது அடிக்கடி சொல்லப்படுகிற பேச்சு. இரக்கப்பட்டுத்தான் சொல்வார்கள். அவள் காதுக்குப் போகும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

“நீ போகலதான்” என்றேன். “ஆனா அதோட முடியல.” ஜன்னலில் நடந்ததையும் அதன் பிறகு பஸ்ஸில் நடந்ததையும் சொன்னேன். சொல்லும்போது என் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போய்விட்டது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மாவுக்கு இது தெரியாதா?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“சந்தோசப்பட்டிருப்பா. சங்கடமும் பட்டிருப்பா.”

அவள் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “அப்போ நான் மறக்கல.”

“மறக்கல.”

“இதப் பெரியம்மாட்ட யாரு சொல்லுவா? நீங்க சொல்ல மாட்டிய” என்றாள். என் பதிலுக்கு நிற்காமல் திரும்பிப் பந்தலைப் பார்க்க நடந்தாள். பெண்கள் பந்தி முடிந்து இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதினார். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு நானும் அவள் பின்னால் நடந்தேன்.